மூலதன ஆதாய வரியைக் குறைக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பங்கு, நிலம், வீடு போன்ற சொத்தை விற்றுக் கிடைத்த லாபத்துக்கான வரிதான் மூலதன ஆதாய வரி. அதைக் குறைத்தால் முதலீடு பெருகும் என்கிறது ஒரு தரப்பு. பணக்காரர்களுக்கு மட்டும்தான் லாபம் என்கிறது மறுதரப்பு. இதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: சம்பளத்துக்கு மாதாமாதம் வரி பிடித்துவிடுகிறார்கள். பங்கும் நிலமும் விற்றவர்களுக்கு ஏற்கெனவே குறைந்த விகிதம்தான். அதை இன்னும் குறைக்கச் சொல்வதில் என்ன நியாயம்?

பதில்: குறைக்கச் சொல்பவர்களிடம் நான்கு வாதங்கள் இருக்கின்றன. விலையேற்றத்தில் ஒரு பகுதி வெறும் பணவீக்கம், அது லாபமே அல்ல. கம்பெனி ஏற்கெனவே வரி கட்டிய லாபத்தின் மீதே பங்குதாரரும் மறுபடி கட்டுகிறார். வரிக்குப் பயந்து சொத்தை விற்காமல் வைத்திருப்பதால் பணம் முடங்குகிறது. துணிந்து முதலீடு செய்பவருக்கு லாபத்தில் வரி உண்டு, நஷ்டத்தில் துணை இல்லை. நான்கிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த நான்குக்கும் ‘விகிதத்தைக் குறை’ என்பது ஒரே மருந்தாகாது என்பதே எங்கள் கருத்து. ஏன் என்பதைக் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மறுதரப்பின் வலுவான வாதம் பலர் கண்ணில் படுவதில்லை. மூலதன ஆதாயத்துக்கு வரி, விற்கும் நாளில்தான். அதுவரை கட்டாத வரியும் உங்களுக்காக வளர்ந்துகொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 ரூபாய் ஆண்டுக்கு 8% வளர்கிறது. வங்கி டெபாசிட் வட்டியைப்போல ஆண்டுதோறும் 20% வரி பிடித்தால் 30 ஆண்டு கழித்துக் கையில் 643 ரூபாய். அதே 20% வரியை 30-ஆவது ஆண்டு விற்கும்போது மட்டும் கட்டினால் 825 ரூபாய். அதாவது ஏட்டில் 20% என்று எழுதியிருக்கும் வரி, நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 9% வரிக்குச் சமம். விகிதத்தில் தள்ளுபடி தருவதற்கு முன்பே இந்தத் தள்ளுபடி சத்தமில்லாமல் கிடைத்துவிடுகிறது.

இன்னொன்று. சம்பள வரிக்கும் ஆதாய வரிக்கும் இடைவெளி பெரிதானால், சம்பளத்தை ஆதாயமாகப் பெயர் மாற்றும் வேலை தொடங்கிவிடும். அமெரிக்காவில் முதலீட்டு நிதிகளை நடத்துபவர்கள் தங்கள் உழைப்புக்கான பங்கை மூலதன ஆதாயமாகக் காட்டிக் குறைந்த வரி கட்டுவது இப்படித்தான். 2017 சட்டம் அதற்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றது, வழியை மூடவில்லை. 1986-இல் ரொனால்ட் ரீகன் அரசும் 1988-இல் பிரிட்டன் நிதியமைச்சர் நைஜல் லாசனும் இரண்டு வரிகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். இருவருமே வருமான வரியைக் குறைப்பதில் பேர்போனவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விகிதம் தாழ்வாக இருக்கட்டும், ஆனால் எல்லா வருமானத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு.

கேள்வி: வரிக்குப் பயந்து பங்கை விற்காமல் இருப்பதால் என்ன கெட்டுவிடும்?

பதில்: பணம் அதற்குரிய இடத்துக்குப் போகாது. 100 ரூபாய்க்கு வாங்கிய பங்கு இப்போது 300. அது ஆண்டுக்கு 6% வளரும் என்று எதிர்பார்க்கிறீர்கள். இன்று விற்றால் 200 ரூபாய் லாபத்துக்கு 20% வரி 40 போக, கையில் 260. விற்காமல் ஓராண்டு கழித்து 318-க்கு விற்றால் வரி 43.60 போக 274.40. இன்றைய 260-ஐ வேறொன்றில் போட்டு, அதன் லாபத்துக்கும் 20% வரி போக அடுத்த ஆண்டு அதே 274.40-ஐ எட்ட, அந்தப் புதிய முதலீடு 6.92% தர வேண்டும். 6.5% தரக்கூடிய நல்ல தொழில் ஒன்று எதிரே நின்றாலும் நீங்கள் பழைய பங்கைவிட்டு நகர மாட்டீர்கள். விகிதம் 10% ஆனால் இந்தத் தடை 6.43% ஆக இறங்கும். குறைப்பதற்கான வாதங்களில் எங்களுக்கு மிகவும் ஏற்புடையது இதுதான்.

ஆனால் விற்கவிடாத இந்தப் பூட்டு எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். அமெரிக்கச் சட்டப்படி சொத்து வைத்திருப்பவர் இறந்தால், வாரிசுக்கு வாங்கிய விலையாகக் கணக்கில் வருவது இறந்த நாளின் சந்தை விலை. அதுவரை ஏறிய ஏற்றத்துக்கு ஆதாய வரி ஒருபோதும் கிடையாது. மேலே சொன்ன கணக்கில் ஓராண்டில் இப்படி வரியே இல்லாமல் போகும் என்று வைத்தால், வைத்திருப்பவருக்கு முழு 318 நிற்கும். 260-ஐ வேறிடத்தில் போட்டு அதற்கு ஈடுகட்ட 22% வருமானம் வேண்டும். வயதானவர் ஏன் விற்கப்போகிறார்? கனடாவில் இறக்கும் நாளில் சொத்தை விற்றதாகவே பாவித்து வரி போடுகிறார்கள். இந்தியாவில் வாரிசுக்கு முந்தைய உரிமையாளர் வாங்கிய விலையே தொடர்கிறது. வரி தள்ளிப்போகும், அழியாது. பூட்டைத் தளர்த்துவதுதான் நோக்கம் என்றால் அமெரிக்கா விகிதத்துக்கு முன் இந்த விதியைத்தான் தொட வேண்டும்.

கேள்வி: வரியைக் குறைத்தபோதெல்லாம் வசூல் கூடியிருக்கிறதாமே? அப்படியென்றால் அரசுக்கும் லாபம்தானே?

பதில்: இந்த வாதத்தை எடைபோட ஒரு சின்னக் கணக்கு போதும். விகிதம் 20%-இலிருந்து 15% ஆகிறது. வசூல் குறையாமல் இருக்க, மக்கள் விற்று வெளிக்காட்டும் லாபம் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். ஒரே ஆண்டு கூடினால் போதாது. ஆண்டுதோறும் அந்த உயரத்திலேயே நிற்க வேண்டும்.

நடந்தது என்ன? அமெரிக்காவில் 1986 அக்டோபரில் கையெழுத்தான சட்டம், 1987 ஜனவரி முதல் உச்ச விகிதத்தை 20%-இலிருந்து 28% ஆக்கியது. 1985-இல் மக்கள் வெளிக்காட்டிய மூலதன ஆதாயம் சுமார் 17,200 கோடி டாலர். 1986-இல் அது சுமார் 32,800 கோடி. 1987-இல் சுமார் 14,800 கோடி. வரி ஏறுமுன் விற்றுவிட எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள், பிறகு அடங்கிவிட்டார்கள். இதை வைத்து ‘வரியை உயர்த்தியதால் லாபம் பாதியாகிவிட்டது’ என்று சொல்பவர் 1986-ஐயும் 1987-ஐயும் மட்டும் ஒப்பிடுகிறார். 1985-ஐ 1987-உடன் ஒப்பிட்டால் இறக்கம் ஏழில் ஒரு பங்குதான்.

குறைப்பிலும் இதே மயக்கம் உண்டு. குறைத்த ஆண்டில் காத்திருந்தவர்கள் விற்பார்கள், வசூல் துள்ளும். அதோடு சந்தையும் ஏறினால் புகழ் முழுவதும் வரிக்குப் போய்விடும். 1997-இல் அமெரிக்கா 28%-ஐ 20% ஆக்கியபோது பங்குச் சந்தை ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. 2003-இல் 20%-ஐ 15% ஆக்கியது, சந்தை விழுந்து எழுந்த நேரம். யாராவது வசூல் எண்ணைக் காட்டினால், அதே ஆண்டுகளில் சந்தை எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். குறைப்புக்கு மூன்றாவது, நான்காவது ஆண்டு எண்ணையும் கேளுங்கள்.

எந்த விகிதத்துக்கு மேல் போனால் வசூல் குறையத் தொடங்கும்? அமெரிக்க அரசுத் தரப்பு மதிப்பீடுகள் நெடுங்காலம் 30%-ஐ ஒட்டியே இருந்தன. 2021-இல் ஓலே அகர்ஸ்நாப், ஓவன் சிடார் இருவரும் வெளியிட்ட ஆய்வு 38 முதல் 47% வரை என்றது. எதை எடுத்துக்கொண்டாலும், 20% இருக்கும் இடத்தில் மேலும் குறைத்தால் அரசுக்கு இழப்புதான். இழந்தாலும் பரவாயில்லை, வேறு நன்மை உண்டு என்று வாதிடலாம். அது நேர்மையான வாதம். தானாகவே ஈடாகிவிடும் என்பது அப்படி அல்ல.

கேள்வி: இந்தியாவில் 2024 பட்ஜெட்டில் வீடு, நிலத்துக்கான வரி 20%-இலிருந்து 12.5% ஆனது. ஆனால் வரி கூடிவிட்டது என்று பலர் புலம்புகிறார்கள். எப்படி?

பதில்: விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. 2024 ஜூலை 23 முதல் நீண்ட கால ஆதாயத்துக்கு 12.5% என்று ஆனது. கூடவே, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் காட்டும் இண்டெக்சேஷன் போய்விட்டது.

2010-11 நிதியாண்டில் 50 லட்சத்துக்கு வாங்கிய வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் விலைக் குறியீடு 167, 2024-25-க்கு 363. பழைய முறையில் வாங்கிய விலை 50 × 363 ÷ 167 = 108.68 லட்சம். செஸ், சர்சார்ஜ் சேர்க்காமல் பார்ப்போம். 120 லட்சத்துக்கு விற்றால் பழைய முறையில் லாபம் 11.32 லட்சம், வரி 2.26 லட்சம். புதிய முறையில் லாபம் 70 லட்சம், வரி 8.75 லட்சம். ஏறக்குறைய நான்கு மடங்கு. அதே வீடு 250 லட்சத்துக்குப் போனால் பழைய வரி 28.26 லட்சம், புதிய வரி 25 லட்சம். இரண்டும் சமமாகும் இடம் சுமார் 206.5 லட்சம், அதாவது 14 ஆண்டில் விலை நான்கு மடங்குக்கும் மேல், ஆண்டுக்குச் சுமார் 10.7% ஏறியிருந்தால்தான் புதிய முறை லாபம். நகரத்தின் நல்ல இடத்தில் மனை வைத்திருந்தவர் தப்பித்தார். சாதாரணமாக விலை ஏறிய வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார்.

எதிர்ப்பு எழுந்தபின், 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு மட்டும் இரண்டில் எது குறைவோ அந்த வரி என்று திருத்தினார்கள். இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும்தான் இது. தங்கத்துக்குக் கிடையாது, வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது. இண்டெக்சேஷன் போட்டு நஷ்டம் வந்தால் வரி பூஜ்யமாகும். ஆனால் அந்த நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்க முடியாது. பத்திரப் பதிவுத் தேதியைச் சரிபார்த்து இரண்டு வழியிலும் கணக்குப் போட்டு வையுங்கள். அந்தத் தேதிக்குப் பின் வாங்கியவருக்குத் தெரிவே இல்லை.

பணவீக்கப் பிரச்சினைக்கு விகிதக் குறைப்பு சரியான மருந்தா என்பதை எளிய எண்ணிலும் பார்க்கலாம். 5% பணவீக்கத்தில் 10 ஆண்டில் 100 ரூபாய் 162.90-க்குச் சமம். ஒருவர் 180-க்கு விற்கிறார். உண்மையான லாபம் 17.10, 20% வரி 16 ரூபாய். லாபத்தில் 94 சதவீதத்தை வரி விழுங்கிவிட்டது. 150-க்கு விற்றவருக்கு உண்மையில் நஷ்டம், அவரும் 10 ரூபாய் கட்டுகிறார்! 1,000-க்கு விற்றவரோ 180 ரூபாய் கட்டுகிறார். அவருடைய உண்மையான லாபத்தில் அது 21.5% தான். இப்போது விகிதத்தைப் பாதியாக்குங்கள். அடிபட்ட முதல் ஆளுக்கு 8 ரூபாய் மிச்சம், இன்னும் 47% போகிறது. நோயே இல்லாத மூன்றாம் ஆளுக்கு 90 ரூபாய் மிச்சம்.

ஆஸ்திரேலியா 1985-இல் இண்டெக்சேஷனோடுதான் இந்த வரியைத் தொடங்கியது. 1999-இல் அதை எடுத்துவிட்டு, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் பாதி லாபத்துக்கு வரி இல்லை என்றது. வாடகை வீட்டுக்கு வாங்கிய கடனின் வட்டி நஷ்டத்தைச் சம்பளத்தில் முழுதாகக் கழிக்கலாம், விற்கும்போது பாதி லாபம் வரியில்லாமல் கையில் வரும் என்றால் கடன் வாங்கி வீடுகளைக் குவிப்பதே கெட்டிக்காரத்தனம் ஆகிவிடுகிறது. பணவீக்கத்துக்குக் கொடுத்த மருந்து, கடனுக்கு ஊக்கமருந்தாக மாறிய கதை அது.

கேள்வி: கம்பெனி வரி கட்டியபின் பங்குதாரரும் கட்டுவது இரட்டை வரிதானே?

பதில்: பங்கைப் பொறுத்தவரை ஆம். கம்பெனியின் 100 ரூபாய் லாபத்தில் 25 வரி போய் 75 நிற்கிறது. அதனால் பங்கு விலை 75 ஏறி, அதற்கு 20% கட்டினால் மொத்தம் 40 போகிறது. நிலத்துக்கும் தங்கத்துக்கும் இந்த வாதம் பொருந்தாது. அந்த ஏற்றத்துக்கு யாரும் முன்பு வரி கட்டவில்லை. நார்வே 2006 முதல் பங்குகளுக்கு ஒரு நடுவழியைக் கையாள்கிறது: அபாயமில்லாத முதலீட்டில் கிடைத்திருக்கக்கூடிய வருமானம் வரை விலக்கு, அதற்கு மேல் கிடைத்ததற்குத்தான் பங்குதாரர் வரி.

கேள்வி: வரி குறைந்தால் புதிய தொழில்களுக்குப் பணம் வரும், வேலைவாய்ப்பு கூடும் என்பது உண்மையா?

பதில்: ஓரளவுதான். வரிக் குறைப்பின் பெரும்பகுதி பழைய லாபத்துக்குப் போகிறது. பத்து ஆண்டுக்கு முன் வாங்கியவரை இன்றைய சலுகை அன்றே வாங்கத் தூண்டியிருக்க முடியாது. அடுத்து, வளரும் நிறுவனங்களுக்குப் பணம் போடுபவர்களில் ஓய்வூதிய நிதிகளும் பல்கலைக்கழக அறக்கட்டளைகளும் ஏராளம். அவை இந்த வரியே கட்டாதவை. அமெரிக்கா 2003-இல் ஆதாய வரியோடு, கம்பெனி பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபமான டிவிடெண்டுக்கான வரியையும் 38.6%-இலிருந்து 15%-க்கு இறக்கியது. அந்தச் சலுகை பொருந்திய நிறுவனங்களையும் பொருந்தாத நிறுவனங்களையும் பொருளியலாளர் டேனி யாகன் ஒப்பிட்டுப் பார்த்தார். முதலீட்டிலும் ஊழியர் சம்பளத்திலும் வேறுபாடு தெரியவில்லை.

ஆனால் துணிச்சலான முதலீட்டை வரி தடுக்கிறது என்பதில் உண்மை உண்டு. தடை விகிதத்தில் இல்லை, நஷ்டத்தை நடத்தும் விதத்தில் இருக்கிறது. 100 ரூபாய் முதலீட்டில் 60 லாபம் வரவும் 30 நஷ்டம் வரவும் சம வாய்ப்பு என்று வைப்போம். சராசரி லாபம் 15. லாபத்துக்கு 20% வரி, நஷ்டத்துக்கு ஈடு இல்லை என்றால் லாபம் 48, நஷ்டம் அதே 30, சராசரி 9. எதிர்பார்த்த லாபத்தில் 40% காணாமல்போகிறது. விகிதத்தை 10% ஆக்கினால் சராசரி 12. விகிதத்தைத் தொடாமல் நஷ்டத்திலும் 20%-ஐ அரசு ஏற்றுக்கொண்டால் லாபம் 48, நஷ்டம் 24, சராசரி அதே 12. விகிதத்தைப் பாதியாக்குவதும் நஷ்டத்தை முழுதாக ஏற்பதும் இந்தக் கணக்கில் ஒரே பலன். இரண்டாவதில் தோற்றவருக்கும் கை கொடுக்கிறோம். ஜெயித்தவருக்கு மட்டும் பரிசு தரவில்லை. பொருளியலாளர்கள் எவ்ஸி டோமரும் ரிச்சர்ட் மஸ்கிரேவும் 1944-இலேயே இதை எழுதிவிட்டார்கள். ஆனாலும் அமெரிக்காவில் மூலதன நஷ்டத்தை மற்ற வருமானத்தில் கழிக்க ஆண்டுக்கு 3,000 டாலர்தான் உச்சவரம்பு; 1978 முதல் அது அப்படியே நிற்கிறது. இந்தியாவிலோ மூலதன நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவே வழியில்லை. 8 ஆண்டு வரை முன்னெடுத்துச் சென்று மூலதன ஆதாயத்தில் மட்டும் கழிக்கலாம், அதுவும் ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால். தொழில்முனைவோருக்கு உதவ வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கும் அரசு முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

கேள்வி: வாழ்நாளில் ஒரே ஒரு முறை கடையை விற்பவரும் அந்த ஆண்டு ‘பெரும் பணக்காரர்’ கணக்கில் வந்துவிடுகிறாரே?

பதில்: வருகிறார். ஆதாய வரி கட்டுபவர் பட்டியலைக் காட்டி ‘எல்லாம் மேல்தட்டு’ என்பவர்கள் இதை மறக்கிறார்கள். இதற்கு எல்லோருக்குமான குறைப்பு தேவையில்லை, வாழ்நாள் வரம்பு போதும். பிரிட்டனில் சொந்தத் தொழிலை விற்பவருக்குக் குறைந்த விகிதம் உண்டு. அதற்கான வாழ்நாள் உச்சவரம்பு ஒரு கோடி பவுண்டாக இருந்தது. 2020 மார்ச்சில் 10 லட்சம் பவுண்டாகச் சுருக்கினார்கள். கடைக்காரருக்கு 10 லட்சம் பவுண்டு தாராளம்.

கேள்வி: சிங்கப்பூர், ஹாங்காங்கில் இந்த வரியே இல்லை. நாமும் எடுத்துவிட்டால் என்ன?

பதில்: அங்கே உச்ச வருமான வரியே குறைவு என்பதால் பெயர் மாற்றும் ஆசையும் குறைவு. இந்தியா இதைப் பாதி செய்து பார்த்த நாடு. 2004 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை, பரிவர்த்தனை வரி (சந்தையில் நடக்கும் பங்கு வியாபாரத்தின் மீதான சிறு வரி) கட்டிச் சந்தையில் விற்ற பங்குகளின் நீண்ட கால லாபத்துக்கு வரி பூஜ்யம். அதைக் கறுப்புப் பண ஆட்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? வியாபாரமே இல்லாத ஒரு கம்பெனியின் பங்கைச் சில ரூபாய்க்கு வாங்குவார்கள். புரோக்கர்கள் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்று விலையைப் பல மடங்கு ஏற்றுவார்கள். 12 மாதம் முடிந்ததும், அதே ஆளின் கணக்கில் வராத ரொக்கத்தைப் பெற்றுக்கொண்ட ஒரு பெயரளவு நிறுவனம் அந்தப் பங்கை உச்ச விலையில் வாங்கும். ரொக்கம் ‘வரியில்லாத மூலதன ஆதாயம்’ ஆகி வங்கிக்கு வந்துவிடும். 2017-இல் வாங்கும்போதும் பரிவர்த்தனை வரி கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள்; 2018-இல் ஒரு லட்சத்துக்கு மேல் 10% வரியே வந்துவிட்டது. இப்போது 1.25 லட்சத்துக்கு மேல் 12.5%. பூஜ்யம் என்ற விகிதம் நேர்மையான முதலீட்டாளரைவிட இவர்களுக்குத்தான் அதிகம் பயன்பட்டிருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: விகிதம் மாறப்போகிறது என்று செய்தி வந்தால் முந்திக்கொண்டு விற்கலாமா?

பதில்: அதற்கு வாய்ப்புத் தருவதும் தராததும் அரசு குறிக்கும் தேதியில் இருக்கிறது. இந்தியாவில் 2024 ஜூலை 23-ம், பிரிட்டனில் 2024 அக்டோபர் 30-ம் அறிவித்த நாளே அமலான மாற்றங்கள். கனடா ஆதாய வரி உயர்வை 2024 ஏப்ரல் 16-இல் அறிவித்து ஜூன் 25 முதல் என்றது. அந்தப் பத்து வாரத்தில் அவசரமாக விற்று வரி கட்டியவர்கள் உண்டு. 2025 மார்ச்சில் அந்த உயர்வையே ரத்து செய்துவிட்டார்கள். சட்டமாகாத அறிவிப்பை நம்பி விற்றால் கட்டிய வரி திரும்பாது. சொத்தும் கைவிட்டுப் போயிருக்கும். எப்படியும் விற்கத்தான் போகிறீர்கள் என்றால் மட்டும் தேதியைப் பாருங்கள்.